துணிக்கூரைக் காரைப் பற்றி நண்பனுக்கு

ஷெஃபீல்டு,
அக்டோபர் 14

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரமே வந்து சேர்ந்துவிட்டது. மகளின் திருமணம் நல்லபடியாக நடந்ததையும், கோவை வீட்டின் மாடி வேலை ஒருவழியாக முடிந்ததையும் அறிந்து நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம். ஆனால் கடிதத்தின் கடைசிப் பத்தியில், தெரிந்தவர் ஒருவர் விற்கும் துணிக்கூரை போட்ட மஹிந்திரா தார் வண்டியை வாங்கலாமா என்று கேட்டுவிட்டு, '14 ஆண்டுகளாகக் கூரை திறக்கும் காரை வைத்திருப்பவன் நீ. நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் எழுது' என்று நீ போட்டிருந்த உத்தரவுக்கு ஓரிரு வரிகளில் பதில் எழுத முடியவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, வெளியே காலையிலிருந்து விடாத மழை, என் காரும் கூரையை மூடிக்கொண்டு வாசலில் நிற்கிறது. எனவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

திருச்சியில் நாம் படித்தபோது கண்டோன்மென்ட் பகுதியில் ஒரு மருத்துவர் வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு உனக்கு நினைவிருக்கும். பழைய வண்டிதான்; பட்டறைக்காரர் யாரோ அதன் கூரையைக் கழற்றிவிட்டுக் கித்தான் போட்டுக் கொடுத்திருந்தார். அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் 1959-இல் வெளிவந்து, பிறகு நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரான அந்த வண்டிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் (சேசிஸ்) உண்டு; உடற்பகுதி அதன் மேல் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும், கூரையும் அப்படித்தான். எனவே கூரையைக் கழற்றினாலும் வண்டி குலைந்துவிடாது. இன்றைய சாதாரணக் கார்களில் கூரையும் பக்கத் தகடுகளும் தரையும் சேர்ந்துதான் வண்டிக்கு எலும்புக்கூடு. கூரையை அறுத்தெடுத்தால், மூடியைக் கழற்றிய அட்டைப்பெட்டி போல உடல் முறுக ஆரம்பிக்கும். அதை ஈடுகட்டத் தரையிலும் கதவடியிலும் கூடுதல் இரும்பு வைக்கிறார்கள், எடை ஏறுகிறது. அப்படியும் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது டேஷ்போர்டும் முன்கண்ணாடிச் சட்டமும் ஒருமுறை நடுங்கி அடங்கும். அந்த நடுக்கம் எனக்குப் பழகிவிட்டது. உனக்கு எரிச்சலூட்டும், உன் காது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

என்னுடையது 1991-இல் ஜப்பானில் செய்யப்பட்ட மாஸ்டா. உலகெங்கும் எம்.எக்ஸ்-5 என்றும், அமெரிக்காவில் மியாட்டா என்றும் அறியப்படும் வண்டிதான்; ஜப்பானுக்குள் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். அங்கும் இங்கும் ஸ்டியரிங் வலப்பக்கமே இருப்பதால் பழைய வண்டிகளைக் கப்பலில் இறக்குமதி செய்து விற்பது இந்நாட்டில் வழக்கமான வியாபாரம். ஓட்டுநர் கதவின் உட்புறத்தில், எண்ணெய் மாற்றிய விவரத்தை எழுதி அங்கே யாரோ ஒட்டிய ஜப்பானிய ஒட்டுத்தாள் இன்னும் இருக்கிறது. எனக்கு ஓர் எழுத்தும் புரியாது, ஆனால் கிழிக்க மனம் வரவில்லை. ஒரு காலத்தில் இத்தகைய இரண்டு இருக்கைத் திறந்த கார்கள் இங்கிலாந்தின் சொந்தச் சரக்காக இருந்தன. மழையில் ஒழுகும், எண்ணெய் சொட்டும், ஈரமான காலையில் கிளம்ப மறுக்கும், ஆனாலும் மக்கள் அவற்றைக் கொண்டாடினார்கள். 1980-இல் எம்.ஜி. வண்டிகளைச் செய்த அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டதோடு அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்துபோனது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா அதே மாதிரியான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது; அழகை அப்படியே வைத்துக்கொண்டு ஒழுகலையும் சொட்டலையும் மட்டும் விட்டுவிட்டது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு, 1.6 லிட்டர் என்ஜின், தேவையான போது மட்டும் தவளைக் கண் போல எழுந்து நிற்கும் முன்விளக்குகள். 2016-இல் அதன் உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. மற்றவன் வீட்டுச் சமையலை அவனைவிடச் சுத்தமாகச் செய்து அவனுக்கே விற்ற கதை இது. என் அண்டைவீட்டுக்கார ஆங்கிலேயரிடம் இதைச் சொன்னால் அவர் இன்றும் சிரிக்கமாட்டார்.

இன்பம் என்ன என்று கேட்டாய். எல்லோரும் நினைப்பது போல வேகமும் அல்ல, வெயிலும் அல்ல. மணம் என்றுதான் நான் சொல்வேன். மூடிய காரில் நாற்பது கிலோமீட்டர் போனாலும் மூக்குக்கு வேலையில்லை. இவ்வூரிலிருந்து மேற்கே கிளாசப் என்ற சிற்றூரை நோக்கி, ஸ்நேக் பாஸ் எனப்படும் மலைச்சாலை ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தைத் தொட்டு இறங்குகிறது. ஆகஸ்டு மாத மாலையில் கூரையை மடித்துவிட்டு அதில் ஏறினால், முதலில் ஊர் முடியும் இடத்தில் வெட்டிய புல்லின் மணம், பிறகு லேடிபவர் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் சட்டென்று குளிர்ந்து வரும் தண்ணீர் வாடை, அதற்கப்புறம் ஊசியிலை மரங்களின் பிசின் மணம், உச்சியில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் ஹெதர் செடிகளின் தேன் கலந்த மணம், இறக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டு விறகுப் புகை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது காற்று குளிர்வதும், ஏறும்போது மறுபடி வெதுவெதுப்பாவதும் கன்னத்தில் தெரியும். நாம் டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையம் போனபோது காசில்லாமல் கிடைத்த அதே சுகத்துக்குத்தான் இங்கே நான் காப்பீடும் சாலை வரியும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

காற்று முகத்தில் அறையும் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். முகத்தில் அடிப்பதேயில்லை. முன்கண்ணாடி காற்றைத் தூக்கித் தலைக்கு மேலே அனுப்பிவிடுகிறது. அது இருக்கைகளுக்குப் பின்னால் சுழன்று திரும்பி வந்து பிடரியைப் பிடிக்கிறது. முதல் மாதம் முழுவதும் எனக்குக் கழுத்து வலி. இரண்டு இருக்கைகளுக்கும் பின்னே ஒரு சிறிய வலைத்தட்டியை மாட்டிய பிறகு அது பாதிக்கு மேல் குறைந்தது. பனிக்காலத்தில் பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஹீட்டரைக் காலடியில் முழுவதும் திறந்துவைத்தால், இடுப்பு வரை வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்திருப்பது போலவும் தலை மட்டும் ஊட்டியில் இருப்பது போலவும் ஒரு விசித்திரமான சுகம் உண்டு. சிறு தூறலுக்கும் கூரையைப் போட வேண்டியதில்லை. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வரை துளிகள் தலையைத் தாண்டிப் பறந்துவிடும். சிவப்பு விளக்கில் நின்றவுடன் அவ்வளவும் மடியில் விழும். பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடி வழியே இரக்கத்தோடு பார்ப்பார்.

இனிக் கெட்டதைச் சொல்கிறேன், இதற்குத்தான் நீ காத்திருந்திருப்பாய். நெடுஞ்சாலையில் இந்த வண்டி ஒரு தண்டனை. லாரிச் சக்கரங்கள் காதுக்கு நேராகச் சுற்றுகின்றன, பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் கத்த வேண்டும், கூரையை மூடினாலும் அந்த இரைச்சல் முழுதாக அடங்காது. பெருமழையில் உள்ளே உட்கார்ந்திருப்பது தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். டிக்கியில் பேட்டரியும் மாற்றுச் சக்கரமும் ஏற்கெனவே குடியிருப்பதால் மளிகைப் பை நான்கு வைத்தால் ஐந்தாவது என் மனைவியின் மடிக்குத்தான் போகும். பேரன் பிறந்தபின் மூவராகக் கிளம்பும் நாட்களில் இந்த வண்டிக்கு வேலையே இல்லை. 'கூரைக்கும் சேர்த்துத்தானே பணம் கொடுத்தோம், எதற்கு அதை மடித்து வைக்கிறீர்கள்?' என்று அவள் கேட்ட கேள்விக்கு 14 ஆண்டுகளாக என்னிடம் பதில் இல்லை. தலையைச் சுற்றிச் சால்வையைக் கட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே போனதும் முதலில் 'திறங்கள்' என்பவளும் அவள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கூரையைத் திறப்பதே ஒரு சிறு சடங்கு. முதலில் இருக்கைக்குப் பின்னால் திரும்பி, பின்புறத்து பிளாஸ்டிக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ஜிப்பை மெல்ல இழுத்து அதைத் தட்டையாகப் படுக்கவைத்து, மேலே ஒரு பழைய துண்டை விரிக்க வேண்டும். இல்லையென்றால் மடிப்பு விழுந்து, நாளடைவில் மடிப்பு வழியே வெடிக்கும். பிறகு முன்கண்ணாடிக்கு மேலிருக்கும் இரண்டு கொக்கிகளை விடுவித்து, கூரையை ஒரு கையால் பின்னே தள்ள வேண்டும். கடுங்குளிரில் இதைச் செய்யக்கூடாது, பிளாஸ்டிக் அப்பளம் போல நொறுங்கும். பழகிய கைக்கு அரை நிமிடம் போதும். பழகாத என் மருமகன் ஒருநாள் ஜிப்பை மறந்துவிட்டுத் தள்ளியதன் தழும்பு வெகுகாலம் இருந்தது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி தண்ணீர்தான். துணிக்கூரை முடியும் விளிம்பில் ஒரு வடிகால் இருக்கிறது; மழைநீர் அதில் ஓடி, இருக்கைகளுக்குப் பின்னே இரு பக்கமும் உள்ள துளைகளில் இறங்கி, வண்டியின் அடியில் வெளியேற வேண்டும். நான்காம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வாசலில் இருந்த மேப்பிள் மரத்தின் இலைகள் அந்தத் துளைகளை அடைத்துவிட்டன, நான் கவனிக்கவில்லை. ஒருநாள் வளைவில் திரும்பியபோது பின்னால் யாரோ குடத்தைச் சாய்ப்பது போலச் சளக்கென்று சத்தம். விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் கால் வைக்கும் இடத்தில் இரண்டு அங்குலத் தண்ணீர், நனைந்த கோணிச்சாக்கின் நாற்றம். புல்வெட்டும் எந்திரத்தின் நைலான் இழையைத் துளைக்குள் விட்டுக் குத்தி அடைப்பை எடுத்தேன். கறுப்புச் சேறு ஒரு தம்ளர் அளவு வந்தது. தாமதத்துக்கு விலையும் கொடுத்தேன். பின்சக்கரத்துக்கு முன்னால் கதவடித் தகடு உள்ளிருந்து துருப்பிடித்திருந்ததை அடுத்த ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையில் சுத்தியல் முனையால் தட்டிக் காட்டினார்கள். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் சேர்ந்துகொண்டால் இரும்பு என்ன செய்யும்? இரண்டு பக்கமும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த செலவு, வண்டி வாங்கிய விலையில் ஏறக்குறையப் பாதி.

மற்றொன்று. ரயில் நிலையத்தருகே பூட்டி நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கூரையில் ஒரு முழ நீளத்துக்குக் கத்திக் கீறல். உள்ளே இருந்து போனது ஒரு பை. அதில் இருந்தவை ஒரு குடையும் காலி டிபன் டப்பாவும். கதவைப் பூட்டாமல் விட்டிருந்தால் பையோடு போயிருக்கும், கூரை தப்பியிருக்கும். இத்தகைய வண்டி வைத்திருக்கும் பலர் உள்ளே ஒன்றும் வைக்காமல் கதவையும் பூட்டாமல் விடுவது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. புதுக் கூரையைக் கெட்டித் துணியில், நிஜக் கண்ணாடிச் சன்னலோடு போட்டுக்கொண்டேன். ஜிப்பும் துண்டும் அதோடு ஒழிந்தன. களவு போனதில் விளைந்த ஒரே நன்மை அது.

இப்போது உன் தார் வண்டிக்கு வருகிறேன். நிழலருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலருமை தெரிய வேண்டுமானால் இந்த ஊருக்கு வர வேண்டும். இங்கே ஜூன் மாத நடுப்பகலில்கூடச் சூரியன் 60 பாகைக்கு மேல் ஏறுவதில்லை, டிசம்பரில் 13 பாகையில் தயங்கி நின்றுவிட்டு இறங்கிவிடுகிறது. அதனால்தான் மழை நாட்டவரான இவர்கள் திறந்த கார்களை இவ்வளவு ஆசையோடு வாங்குகிறார்கள். உனக்கோ கோவையில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். காலை ஒன்பதரைக்கு மேல் கூரையைத் திறந்து அவிநாசி சாலையில் போனால் புழுதியும் பேருந்துப் புகையும் ஏர் ஹாரனும் மடியிலேயே வந்து விழும். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஸ்கூட்டர்காரர் விலை கேட்பார். ஆகவே தினசரிப் பயன்பாட்டுக்கென்றால் வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவேன்.

ஆனால் வீட்டில் வேறொரு கார் இருக்கிறது, மூடிய ஷெட் இருக்கிறது, ஆண்டுக்கு முப்பது விடியற்காலைகளுக்காக மட்டும் இதை வைத்துக்கொள்வேன் என்றால் கதை வேறு. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை மார்கழிக் காலையில், தேயிலைத் தொழிற்சாலையின் மணம் எதிரே வர, கூரையில்லாமல் ஏறுவதை நினைத்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. வாங்குமுன் மூன்று காரியங்கள் செய். கூரையின் தையல்களில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து பார். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை மூக்கு சொல்லிவிடும். மூன்றாவதாக, உன் மனைவியை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி வரை போய்வா, திரும்பி வந்ததும் அவரிடம் எதுவும் கேட்காதே. அவராகச் சொல்வதற்குக் காத்திரு.

அடுத்த கோடையில் நீங்கள் இருவரும் இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். ஜூலை இறுதியில் கிளம்பினால் ஹெதர் பூக்கும்போது இருப்பீர்கள். விமான நிலையத்துக்கு மகனின் பெரிய காரை எடுத்து வருகிறேன், என் வண்டியில் உங்கள் பெட்டி ஒன்றுகூட ஏறாது. ஸ்நேக் பாஸுக்கு உன்னை மட்டும் அழைத்துப் போகிறேன். கம்பளிக் குல்லாய் இங்கே இருக்கிறது. மூக்குக் கண்ணாடிக்கு மட்டும் ஒரு கயிறு கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்