கோல் வேறு, பாயின்ட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரஷ்ய ஐஸ் ஹாக்கி வீரர் அலெக்ஸ் ஒவெச்கின் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரைக்கு நன்றி. ஐஸ் ஹாக்கிக்கு நம் நாளிதழ்களில் இவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம். ஆனால், கனடாவின் முன்னாள் வீரரான 'வெய்ன் கிரெட்ஸ்கியின் சாதனைகளை எல்லாம் முறியடித்தவர்' என்று அவரைப் பற்றி எழுதியிருப்பது தவறு. திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

முறியடிக்கப்பட்டது கோல் சாதனை மட்டுமே. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். போட்டிகளில், பிளேஆஃப் எனும் பருவ இறுதி நாக்-அவுட் சுற்று ஆட்டங்கள் நீங்கலாக, கிரெட்ஸ்கி அடித்தது 894 கோல். 2025 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிராக ஒவெச்கின் 895-வது கோலை அடித்தார். அது அவருக்கு 1,487-வது ஆட்டம். கிரெட்ஸ்கி ஆடி முடித்த ஆட்டங்களும் சரியாக 1,487தான்.

பாயின்ட் கணக்கு தனி. கோல் அடித்தவருக்கு ஒன்று, அதற்கு முன் 'பக்' எனும் ரப்பர் வில்லையைத் தள்ளிக் கொடுத்த இரண்டு பேர் வரை, அசிஸ்ட் எனும் அந்த உதவிக்கு ஆளுக்கு ஒன்று. கிரெட்ஸ்கியின் அசிஸ்ட் 1,963, மொத்தம் 2,857 பாயின்ட். அவர் கோல்களை அத்தனையும் கழித்துவிட்டாலும் முதலிடம் அவருக்குத்தான். ஏனென்றால், அடுத்த இடத்திலுள்ள யாரோமிர் யாகரின் மொத்த பாயின்டே 1,921.

இதனால் ஒவெச்கின் குறைந்துவிடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக 8 கோல் அடித்தன. 2005-ல் ஒவெச்கின் வந்தபின் அது 6-ஐ ஒட்டியே இருந்தது. முழங்காலை மடக்கிக் கீழ்ப்பகுதியை அடைத்துவிடும் கோல்கீப்பர்களை எதிர்த்துத்தான் 2007-08-ல் 65 கோல் அடித்தார். 2024-ல் கால் எலும்பு முறிந்து திரும்பி வந்தும், 39 வயதில் அந்தப் பருவத்தை 44 கோலுடன் முடித்தார்.

கட்டுரை சொல்லாமல் விட்டது, அவர் நிற்கும் இடத்தை. எதிரணி கோலை நோக்கி நின்றால், இடப்பக்கம் ஐஸில் வரைந்திருக்கும் வட்டம்தான் அவர் இடம். நம்மூர் ஹாக்கியில் எல்லோருக்கும் ஒரே வகை ஸ்டிக். ஐஸ் ஹாக்கியில் வலம், இடம் என இரு வளைவு உண்டு. ஒவெச்கின் வலக்கை ஆட்டக்காரர், அதாவது ஸ்டிக்கை உடலின் வலப்பக்கம் வைத்து அடிப்பவர். இடப்பக்கம் நின்றால் ஸ்டிக்கின் தட்டு (பக்கை அடிக்கும் அடிப்பகுதி) மைதான நடுவைப் பார்த்திருக்கும். வலமிருந்து குறுக்கே வரும் பாஸை நிறுத்தாமலே அடிப்பார். கோல்கீப்பர் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குச் சறுக்கி வந்து நிலைகொள்வதற்குள் பக் உள்ளே போய்விடும். ஸ்டிக் பக்குக்குச் சற்று முன்பே ஐஸைத் தொட வேண்டும், அப்போதுதான் தண்டு வளைந்து விசையோடு நிமிரும். பாஸ் ஓர் அடி முன்னே பின்னே வந்தால் அடி வெளியே போகும். எதிராளி பாதையில் நின்றால் அவர் கால்காப்பில் பட்டுத் திரும்பும். 895-வது கோலும் பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்), சக வீரர் டாம் வில்சன் குறுக்கே கொடுத்த பாஸில், இதே வட்டத்திலிருந்து வந்ததுதான்.

கோவை, ஈரோடு, திருப்பூரில் ரோலர் ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளுக்கும் இந்த அடியைப் பழக்கலாம். ஐஸ் ஹாக்கி பக் 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன், 170 கிராம் வரை எடையுள்ள ரப்பர் வில்லை. சிமென்ட் தரையில் அது உராய்ந்து நின்றுவிடும். பிளாஸ்டிக் குமிழ் பதித்த ரோலர் ஹாக்கி பக்கோ ரோலர் ஹாக்கிப் பந்தோ போதும். வெறுங்காலில் நிற்கும்போது ஸ்டிக் மூக்கைத் தாண்டக் கூடாது. நீளம் கூடினால் தட்டின் நுனி தூக்கிக்கொண்டு பந்து அடியில் நழுவிவிடும். வலக்கைப் பிள்ளைகளை இடப்பக்கம் நிறுத்தி, முதலில் மெதுவான பாஸில் தொடங்குங்கள்.

திருத்தத்துடன் கோல், அசிஸ்ட், பாயின்ட் மூன்றையும் தனித்தனிப் பத்தியாகக் காட்டும் சிறு அட்டவணையும் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஐஸ் ஹாக்கி ஆர்வலர்கள்,
பல்லடம்.