மல்லிகாவுக்கு, சேலத்திலிருந்து

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பையனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி எல்லாரும் நலம்.

பிள்ளைகளைப் பெற்றோர் கவனிக்காமல் விடுவதை ஊர் முழுக்கக் கணக்கெடுக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். குழந்தைகள் உதவி எண் 1098க்கு வரும் அழைப்புகளை எண்ணினால் யாராவது பார்த்துச் சொன்னது மட்டும்தான் தெரியும், அதனால் வீடு வீடாகப் போய்க் கேட்கத்தான் வேண்டும். என்ன கேட்பது என்பதில்தான் சிக்கல். யுனிசெஃப் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி உண்டு: போன வாரம் 5 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரு மணி நேரத்துக்கு மேல் தனியாகவோ, 10 வயதுகூட ஆகாத பிள்ளையின் பொறுப்பிலோ விட்டீர்களா? ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில் இதைக் கேட்டுப் பார். எட்டு வயது அக்கா தம்பியை இடுப்பில் வைத்திருப்பாள், தூக்குப்போசியில் சோறு இருக்கும், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு கண் பார்த்துக்கச் சொல்லிவிட்டுத்தான் அம்மா போயிருப்பாள். அந்த வீடு புறக்கணிப்புக் கணக்கில் ஏறிவிடும். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அது இல்லாத தோட்டத்தில் புறக்கணித்தது யார்?

டவுனில் டியூஷன், போன், சைக்கிள் எல்லாம் இருந்தும், ஏன் அழுதாய் என்று கேட்க ஆளில்லாத பிள்ளை இந்தக் கேள்வியில் சிக்கவே சிக்காது. அமெரிக்க சமூகவியலாளர் முர்ரே ஸ்ட்ராஸின் அளவுகோல் எனக்குப் பிடித்தது அதனால்தான். வளர்ந்தவர்களிடம் அவர்கள் சின்ன வயதைப் பற்றிக் கேட்கிறது: மனம் வாடியபோது தேற்றினார்களா, வீட்டுப்பாடத்துக்கு உதவினார்களா, சுத்தமாக வைத்துக்கொண்டார்களா என்று. 2013-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தாங்களே சொன்ன கணக்கில் உடல்ரீதியான புறக்கணிப்பு 16 சதவீதம், மனரீதியானது 18 சதவீதம் என்று வந்தது. சாப்பாடு, துணி குறைவதைவிட மனசைக் கவனிக்காததுதான் கொஞ்சம் அதிகம், பார்!

அப்புறம், தாய்மாரிடம் நேரடியாகக் கேட்பதானால் "ஏன் சாப்பாடு கொடுக்கவில்லை" என்று ஆரம்பிக்காதே. ஸ்ட்ராஸின் இன்னொரு கேள்வித்தாள், தேவையான சாப்பாடு கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள முடியாமல் போனதுண்டா என்றுதான் கேட்கும். அப்படிக் கேட்டால் வாய் திறப்பார்கள். ஆனால் முடியாததையும் மனமில்லாததையும் பிரிக்க, பிள்ளையை விட்டுப்போக உங்களுக்கு இடம் இருக்கிறதா என்று இன்னொரு கேள்வி கட்டாயம் சேர்.

நீ எழுதும் கேள்விகளை அனுப்பு. கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டும் பெண்களிடம் வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
வசந்தா