தம்பிக்கு: ட்ரெயிலர் பிரேக் பூட்டுவது பற்றி

வென்ட்வேர்த்வில், சிட்னி

அன்புள்ள தம்பி,

நலம், அங்கே எல்லோர் நலமும் அறிய ஆவல். உன் ட்ரெயிலருக்கு மின் பிரேக் எப்படிப் பூட்டுவது என்று கேட்டிருந்தாய், கடிதத்தில் பாதி அதுதான். அதனால் இதிலும் அதுதான் கூட.

இங்கே சனி, ஞாயிறு வந்தால் வாகனங்களுக்குப் பின்னால் ஏதாவது இழுபட்டுக்கொண்டு போகும். கரவன் என்கிற இழுவை வீடு, படகு, குப்பை ஏற்றின பெட்டி ட்ரெயிலர் என்று. இங்கத்தைய சட்டம் ட்ரெயிலரைச் சுமையோடு சேர்த்த நிறையைப் பார்க்கும். 750 கிலோ வரை பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் 2000 கிலோ வரை ஓர் அச்சின் இரண்டு சில்லுக்கும் வேண்டும். 2000 தாண்டினால் எல்லாச் சில்லுக்கும் பிரேக் வேண்டும், ட்ரெயிலர் கழன்றால் தானாகப் பிடிக்கிற சுவிச்சும் வேண்டும். எங்கள் ஊரிலும் ஒரு தொன்னுக்கு மேல் ஏற்றுகிறவன் இதைப் பின்பற்றினால் நல்லது.

மின் பிரேக்கில், சில்லோடு சுற்றுகிற டிரம்முக்குள் ஒரு காந்தம் இருக்கும். மின்சாரம் வந்தால் அது சுற்றுகிற டிரம்மில் ஒட்டி இழுபட்டு, ஒரு நெம்பை அசைத்து, டிரம்மை உரசி நிறுத்துகிற பிரேக் சூவை விரிக்கும். எவ்வளவு மின்சாரம் போகவேண்டும் என்று தீர்மானிப்பது வாகனத்துக்குள் பூட்டுகிற கொன்ட்ரோலர். வாங்கினால், வாகனம் மெதுவாகும் அளவை உணர்ந்து அதற்கேற்பப் பிடிக்கிற வகையை வாங்கு. பெடலில் கால் வைத்ததும் நேரக் கணக்கில் மின்சாரத்தை ஏற்றுகிற வகை மலிவுதான், ஆனால் மெல்ல நிறுத்தும்போதும் வெட்டிப் பிடிக்கும்.

கொன்ட்ரோலர் பெட்டியில் வயர் நாலுதான். கறுப்பு பற்றரியின் நேர்முனைக்கு. வெள்ளை எதிர்முனைக்கு. சிவப்பு பிரேக் லைற் சுவிச்சுக்கு. நீலம் பின்னால் ட்ரெயிலர் பிளக்குக்கு. இங்கத்தைய ஏழு முனைப் பிளக்கில் அது 5ஆம் முனை. உன் கொன்ட்ரோலர் பெட்டியோடு வருகிற தாளை ஒருமுறை ஒப்பிட்டுப் பார். கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிக் கொடுத்தால் பெட்டி எரிந்துவிடும். அதனால் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். சிவப்பு வயருக்கு, பெடலை அமுக்கினால் மட்டும் 12 வோல்ற் வருகிற பக்கத்தை மீற்றரால் தேடு. எப்போதும் 12 காட்டுகிற பக்கத்தில் இணைத்தால் கொன்ட்ரோலர் ஓயாமல் பிரேக் பிடிக்கச் சொல்லும், டிரம் சூடாகி நாறும்.

கறுப்பு வயரில், பற்றரிக்குக் கிட்ட, மின்சாரம் மிஞ்சினால் துண்டித்து, பிறகு தானாக மீளுகிற சேர்க்கிற் பிரேக்கர் போடு. இரண்டு அல்லது நாலு பிரேக்குக்கு 20 அம்பியர், ஆறுக்கு 30. ஆனாலும் பெட்டியோடு வந்த தாள் சொல்வதே முடிவு.

அதிகம் பிழைப்பது வயர் வாங்கும்போதுதான். கடையில் ‘6 மில்லிமீற்றர்’ என்பது உறையோடு சேர்த்த விட்டம். உள்ளே செம்பு 4.6 சதுர மில்லிமீற்றர்தான். கறுப்புக்கும் நீலத்துக்கும் 5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமல் கேள். 10 அங்குல டிரம்மின் காந்தம் ஒன்றின் மின்தடை ஏறக்குறைய 3.2 ஓம். இரண்டும் சமாந்தரமாக இணைவதால் மொத்தம் பாதியாகி 1.6 ஓம், 12 வோல்ற்றில் 7.5 அம்பியர். துருப்பிடித்த மூட்டு ஒன்று 0.2 ஓம் கூட்டினால் அது 6.7க்கு இறங்கிவிடும். பிரேக் பிடிக்கவில்லை என்று கொன்ட்ரோலரை மாற்றுகிறவர்களில் பலருக்குக் குற்றம் இருப்பது ட்ரெயிலரின் வெள்ளை வயரில்தான். எர்த்துக்கு, அதாவது எதிர்முனைக்குத் திரும்புகிற வழிக்கு, ட்ரெயிலரை வாகனத்தோடு இணைக்கிற கொழுவியை நம்பாதே, தனி வயர் இழு. அம்பியர் பாதியாக இருந்தால் ஒரு காந்தத்துக்கு வயர் அறுந்திருக்கும். காந்தத்தின் வயருக்கும் அதன் உடம்புக்கும் இடையில் மீற்றர் தொடர்பு காட்டினால் அந்தக் காந்தம் முடிந்தது.

கொன்ட்ரோலர் பெட்டியை முழங்கால் இடிக்காத இடத்தில், ஆடாமல் பூட்டு. உணர்கருவி உள்ளே இருக்கிற சிலவற்றைத் தாள் காட்டும் கோணத்தில் வைத்தால்தான் சரியாக வேலை செய்யும்.

பிரேக் எவ்வளவு பிடிக்கவேண்டும் என்று அளவு வைப்பதற்கு நிலாவெளி றோட்டில் விடியற்காலையில் போ. டிரம் கொஞ்சம் சூடேற நாலைந்து தரம் நிறுத்திவிட்டு, 40 கிலோமீற்றர் வேகத்தில் கொன்ட்ரோலரில் இருக்கிற கைநெம்பை மட்டும் அமுக்கு. ட்ரெயிலர் சில்லு சுற்றாமல் இறுகி இழுபட்டால் அளவைக் குறை. அப்படி இறுகுவதற்குச் சற்று முன்னால் நிற்கிற அளவே சரி. வெறும் ட்ரெயிலருக்கும் சுமைக்கும் ஒரே அளவு சரிவராது, சுமை மாறினால் திரும்ப வை.

கொட்டியாரக்குடாவில் படகு இறக்குகிற ட்ரெயிலருக்கும் இதையே பூட்டலாமா என்று கேட்டாய். வேண்டாம். டிரம்முக்குள் உப்புத் தண்ணீர் போனால் காந்தமும் ஸ்பிரிங்கும் வயர் மூட்டும் துருவேறிவிடும். அதற்குத் தள்ளு பிரேக் தான் சரி. வாகனம் மெதுவாகும்போது ட்ரெயிலர் முன்னே தள்ளும். அந்தத் தள்ளலே கொழுவியில் இருக்கிற சிலிண்டரை அமுக்கிப் பிரேக் பிடிக்கவைக்கும். வாகனத்தில் கொன்ட்ரோலரே தேவையில்லை. பின்னுக்கு எடுக்கும்போது பிரேக் பிடிக்காமல் தடுக்கிற ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ஓடி வந்த சூட்டோடு தண்ணீருக்குள் இறக்கவேண்டாம், குளிர்கிற பெயாரிங் தண்ணீரை உள்ளே இழுக்கும். கரையேறியதும் நல்ல தண்ணீரால் கழுவு.

சுமையோடு ட்ரெயிலரின் நிறை, டிரம்மின் விட்டம், காந்தங்களின் ஓம் அளவு மூன்றையும் அளந்து எழுது. எந்தக் கொன்ட்ரோலர் பொருந்தும் என்று பார்த்து, அடுத்த பொதியோடு அனுப்புகிறேன். அம்மாவின் முழங்கால் எண்ணெயும் அதிலேயே வரும்.

அன்புடன்,
அண்ணன்