கோல் போடாதவரின் சம்பளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணி பற்றிய பத்தியில் இப்படி ஒரு வரி இருந்தது: “நாலரை மில்லியன் டொலர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட்களை இடித்துத் தள்ளுவதைத் தவிர இவர்கள் வேறென்ன செய்தார்கள்? போட்ட கோல் எத்தனை?” முதற்பக்கச் செய்தியிலிருந்து கடைசிப் பக்க மரண அறிவித்தல் வரை உங்கள் பத்திரிகையை வரி விடாமல் வாசிக்கிறவன் நான். இந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

பெயர் எழுதாவிட்டாலும் ஆட்கள் யாரென்பது ஹொக்கி பார்க்கிற எவருக்கும் விளங்கும். கிறிஸ் ரனெவ், ஜேக் மக்கேப். இருவரும் எதிரணியைத் தடுக்கிற டிபென்ஸ்காரர்கள். 2024 கோடையில் ரனெவுக்கு 6 வருடத்துக்கு 27 மில்லியன் டொலர் ஒப்பந்தம். அதே ஆண்டின் பிற்பகுதியில் மக்கேப்புக்கு 5 வருடம், வருடத்துக்குக் கிட்டத்தட்ட அதே தொகை. 2024-25 பருவத்தில் எதிரணியின் முதல் லைன், அதாவது கோல் போடுவதில் அவர்களுடைய மிகச் சிறந்த மூன்று ஃபோவேர்ட்கள், களத்தில் இறங்கும்போதெல்லாம் கோச் பெரும்பாலும் அனுப்பியது இந்த ஜோடியைத்தான். சொந்த ரிங்கில் (பனித்தளத்தில்) ஆடும் அணிக்குத்தான் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த உரிமையைக் கோச்மார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? எதிரணியின் மிகச் சிறந்த மூன்று பேருக்கு முன்னால் இப்படியான இரண்டு பேரை நிறுத்துவதற்கு. கோல் எத்தனை என்று கேட்கிற உங்கள் பத்தியாளர், அவர்கள் களத்தில் நின்றபோது எதிர்ப்பக்கம் நின்றது யார் என்று ஒரு முறையாவது பார்த்தாரா?

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எதிரணி ஃபோவேர்ட் பக்கோடு (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) நடுக்களத்தில் வேகம் பிடித்து வருகிறார். டிபென்ஸ்காரர் பின்னோக்கிச் சறுக்கியபடி, இருவருக்கும் இடையில் ஒரு ஸ்ரிக் நீளத்துக்கு மேல் இடைவெளி விடாமல் வருகிறார். கண் பக்கில் இல்லை, வருகிறவரின் நெஞ்சில். கையும் தலையும் ஏமாற்றும், நெஞ்சு போகிற பக்கம்தான் ஆள் போவார். நடுப்பாதையை அடைத்து, தன் பக்கத்து எல்லையான நீலக்கோடு வருவதற்குள் அவரை ஓரப் பலகைப் பக்கம் ஒதுக்கி, அங்கே தோளைக் கொடுக்கிறார். பக் கழன்று விழ, கூட ஆடுகிறவர் அதை எடுத்து வெளியே அனுப்புகிறார். இன்னொரு தடவை அதே ஃபோவேர்ட் அந்தத் தோளை நினைத்து, கோட்டுக்கு முன்பே பக்கை மூலைக்குள் அடித்துவிட்டு ஆள் மாற்றப் போய்விடுகிறார். இரண்டாவது தடவை இடியே நடக்கவில்லை, எந்தக் கணக்கிலும் அது ஏறாது. ஆனால் ஆபத்து நீங்கிவிட்டது. இதற்குத்தான் ஐயா அந்தச் சம்பளம்.

இதையும் சொல்ல வேண்டும். இடிக்கிற எண்ணிக்கையை வைத்து இவர்களைப் புகழ்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இடிக்கிறவரிடம் பக் இல்லை என்பதுதான் முதல் உண்மை. இரவு முழுக்க இடித்துக்கொண்டே இருக்கிற அணி, இரவு முழுக்க பக்கைத் துரத்திக்கொண்டிருக்கிற அணியாகவும் இருக்கலாம். போதாததற்கு, அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு அரங்கிலும் இருக்கிற கணக்காளர்கள் தங்கள் கண்ணுக்குப் பட்டபடி குறிக்கிறார்கள். இடத்தை விட்டு ஓடிப்போய் ஒருவரை இடித்து, பின்னால் வாசலைத் திறந்து விடுகிறவரும் பெனால்டி வாங்கிப் பெட்டிக்குள் போய் உட்காருகிறவரும் அணிக்குப் பாரம்தான். யாரை எதிர்த்து ஆடினார், எந்தப் பக்க ஃபேஸ்ஓஃபில் (பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) இருந்து அவருடைய முறை தொடங்கியது, பெனால்டி கில்லில் (பெனால்டியால் தன் அணி ஆள் குறைந்து ஆடும் நேரம்) எத்தனை நிமிடம் நின்றார், அவர் நிற்கும்போது எதிரணி அவருடைய கோலிக்கு (கோல் காவலருக்கு) நேர் முன்னால் இருந்து அடித்ததா, தூர மூலையில் இருந்து அடித்ததா, இடித்த பிறகு பக் யாரிடம் போனது. எடைபோட வேண்டியது இவற்றைத்தான். 

வரலாறும் உங்கள் பத்தியாளருக்குத் தெரிந்திருக்கும். 1982 இல் டிபென்ஸ்காரர் ரொட் லாங்வே மொன்றியலை விட்டு வாஷிங்டன் கப்பிற்றல்ஸுக்குப் போனார். 1974 இல் லீக்கில் சேர்ந்ததிலிருந்து ஒருமுறைகூட பிளேஓஃப் (பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் சுற்றுகள்) காணாத அணி அது. அவர் வந்த முதற்பருவத்திலேயே கண்டது. அந்தப் பருவத்தில் அவர் போட்ட கோல் 3. சிறந்த டிபென்ஸ்காரருக்கான நோரிஸ் விருது அவருக்குத்தான் போனது, அடுத்த வருடமும் அவருக்கே. 2023 இல் அதே விருதை 101 புள்ளி (போட்ட கோலும், போட உதவியதும் சேர்த்து) எடுத்த எரிக் கார்ல்சன் வாங்கினார், பிளஸ்-மைனஸில், அதாவது அவர் களத்தில் நின்றபோது அணி போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தில், அவர் மைனஸ் 26. பலவீனமான அணியில் ஆடியவரின் மைனஸை அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது, அவருடைய திறமையும் அபூர்வமானது. ஆனால் டிபென்ஸ் என்றாலே புள்ளி என்று எண்ணும் பழக்கம் இந்த இடைவெளிக்குள் எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது என்று பாருங்கள். நியூ ஜேர்சி டெவில்ஸுக்குத் தலைவராக நின்று லீக்கின் சம்பியன் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை மூன்று முறை தூக்கிய ஸ்கொட் ஸ்ரீவன்ஸுக்கு நோரிஸ் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 2000 இல் பிளேஓஃபின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 23 ஆட்டங்களில் அவர் போட்ட கோலும் மூன்றுதான்.

அதே பிளேஓஃபில் எதிரணியின் எரிக் லின்ட்ரோஸின் தலையில் அவர் தோள் விழுந்ததை நான் மறக்கவில்லை. அன்று அது விதிக்கு உட்பட்டது. 2010 இல் வந்த 48 ஆம் விதிக்குப் பிறகு தலையைக் குறிவைக்கும் இடிக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. ஒரு ஆட்டக்காரரின் மூளையைவிட எந்தக் கிண்ணமும் பெரிதில்லை. உடம்பால் ஆடுவதென்பது தலையை உடைப்பதல்ல என்பதற்கு 2013 அரையிறுதி போதும். அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல் போட்ட பிற்ஸ்பேர்க் அணி, பொஸ்ரனுக்கு எதிரான நான்கு ஆட்டங்களில் மொத்தம் 2 கோல். அதன் நட்சத்திரங்கள் குறோஸ்பிக்கும் மல்கினுக்கும் ஒரு புள்ளிகூட இல்லை. பொஸ்ரன் கோலி ராஸ்க் அருமையாக ஆடினார், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இருவரும் திரும்பிய இடமெல்லாம் முன்னால் நின்றவர் பொஸ்ரனின் 6 அடி 9 அங்குல டிபென்ஸ்காரர் ஸ்டேனோ சாரா.

ரொறன்ரோவுக்கு இது புதிதுமல்ல. 1964 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், பக் பட்டுக் கால் எலும்பு முறிந்த லீஃப்ஸ் டிபென்ஸ்காரர் பொபி போன் ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்து, மேலதிக நேரத்தில் வெற்றி கோலைப் போட்டார். ஏழாவது ஆட்டமும் ஆடினார், கிண்ணம் இங்கே வந்தது. அந்த ஒரு கோலை எல்லோரும் சொல்கிறார்கள். பதினேழு பருவத்தில் அவர் போட்டது 37 கோல். மிச்ச நேரமெல்லாம் எதற்காக அவரை அணியில் வைத்திருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

உங்கள் பத்திரிகைமீது எனக்கு இருக்கும் வருத்தம் இந்த ஒரு வரியால் வந்ததல்ல. 2023 இல் லீஃப்ஸ் தம்பா அணியை வென்று, 2004 க்குப் பிறகு முதன்முதலாக ஒரு சுற்றைத் தாண்டியபோது நீங்கள் தவாரெஸின் கோலைப் பெரிதாகப் போட்டீர்கள். போட வேண்டியதுதான். அந்தத் தொடரில் டிபென்ஸில் மோர்கன் ரைலிக்குப் பக்கத்தில் நின்ற லூக் ஷென்னைப் பற்றி நான் ஒரு கடிதம் எழுதினேன். 2008 இல் இதே அணி தெரிவுசெய்து, பிறகு கைவிட்டு, வேறிடத்தில் இரண்டு கிண்ணம் வென்று திரும்பி வந்த மனிதர். என் கடிதத்தில் நீங்கள் பிரசுரித்தது வாழ்த்துச் சொன்ன கடைசி இரண்டு வரியை மட்டும். ஷென்னின் பெயரே அதில் இல்லை. அந்தக் கோடையில் அவர் வேறு அணிக்குப் போனபோதும் உங்கள் பக்கத்தில் ஒரு வரி இல்லை.

என் மகனும் டிபென்ஸ்தான். சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளும் கோல் போட ஆசைப்படுகிற காலத்தில், கோச் அவனைக் கூப்பிட்டு எதிரணியில் ஒரு பெடியனைக் காட்டி, “இன்றைக்கு அவன் உன்னுடைய ஆள்” என்று சொன்னார். அன்றிலிருந்து அவனுக்கு அதுவே வேலை. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிரிவில் உடம்பால் இடிப்பதை 2013 இல் ஹொக்கி கனடா நிறுத்தியது நல்ல முடிவு. அந்தப் பருவங்களில் சறுக்கவும் கோணம் பிடிக்கவும் அவன் கற்றுக்கொண்டதால்தான், இடிக்கலாம் என்ற வயது வந்தபோது எங்கே இடிக்கக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. ஆட்டம் முடிந்து உடுப்பறையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேல் பக் பட்ட இடம் ஊதா நிறத்தில் வீங்கியிருக்கும். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவரும் கேட்பது ஒரே கேள்வி: “தம்பி, எத்தனை கோல்?” “இல்லை மாமா” என்று சொல்லிவிட்டு அவன் மாடிக்குப் போய்விடுவான்.

அவன் அணி ஒருமுறை சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தை 1-0 என்று வென்றது. படமும் குறிப்பும் நானே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். கோல் போட்ட பிள்ளையின் பெயர் தலைப்பில் வந்தது, அந்தப் பிள்ளைக்கு அது தகும். ஆனால் படத்தின் இரண்டு ஓரமும் வெட்டப்பட்டிருந்தன. ஓரத்தில் நின்றவர்கள் அந்த இரண்டு டிபென்ஸ் பிள்ளைகள். எதிரணியை ஒரு கோலும் போடவிடாத ஆட்டம் அது. பத்திரிகையைக் கையில் வைத்து மகன் கொஞ்ச நேரம் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நானும் உங்களுக்கு அப்போது எழுதவில்லை, இடப் பற்றாக்குறையாக இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சென்ற வார வரியைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். லீஃப்ஸ் ஆட்ட முடிவுகளைப் போடுகிற சிறிய கட்டத்தில், கோல் போட்டவர்கள் பெயருக்குக் கீழே, அதிக நேரம் களத்தில் நின்ற டிபென்ஸ்காரரின் பெயரையும் பெனால்டி கில்லில் அதிக நேரம் நின்றவரின் பெயரையும் ஒரு வரியில் சேருங்கள். இரண்டு விபரமும் ஆட்டம் முடிந்த உடனேயே லீக்கின் தாளில் கிடைக்கும். சமூகப் பக்கத்தில் பிள்ளைகளின் அணிப் படம் வந்தால் ஓரம் வெட்டாமல் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் முடிந்தால் முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன் ஒருவன்,
ஸ்காபரோ