உறையோடு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்முனையிலிருந்து அண்ணன் தம்பிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. கம்மவான்பேட்டை, குடியாத்தம், பேரணாம்பட்டு, எல்லை தாண்டிப் பலமநேர், சித்தூர் என்று எங்கே போனாலும் பட்டாளத்து வீடுகளின் ட்ரங்குப் பெட்டியில் இப்படி ஒரு கட்டு கிடக்கும். ஆனால் கூடவே வந்த படத்தில் கடிதங்களுக்கு லேமினேஷன் போட்டிருந்தார்கள். உறைகளைக் காணோம். ஒரு கவரின் தபால்தலை மூலையைக் கத்தரித்திருந்தது. படத்தைப் பார்த்து இன்னும் நாலு வீட்டில் இதையே செய்துவிடுவார்களோ என்ற கவலையில் எழுதுகிறேன்.

ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் பட்டாளத்தில் இருந்தால், கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியது பெரியவனா சின்னவனா என்று சொல்வது கடினம். இரண்டுமே "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கும், "உங்கள் அன்பு மகன்" என்று முடியும். இருக்கும் ஊரை எழுதக் கூடாது என்பது விதி. தேதியும் பல கடிதங்களில் இருக்காது. விடை இருப்பது உறையின் அனுப்புநர் பகுதியில்தான்: படை எண், பதவி, பெயர், பிரிவு, பிறகு 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி. ஜவானுக்கு அந்த எண் மாறாது. பதவி மாறும். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று அடுக்கினாலே தேதியில்லாத கடிதங்கள் பாதி வரிசைக்கு வந்துவிடும். ஜே.சி.ஓ. (ஹவில்தாருக்கு மேலுள்ள இளநிலை அதிகாரி) ஆனவருக்கு 'ஜே.சி.' என்று தொடங்கும் புது எண் வரும். அதைப் பார்த்து வேறு ஆள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 'ஜமேதார்' என்றிருந்தால் 1965-க்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. அந்த ஆண்டு அந்தப் பதவியின் பெயர் நாயப் சுபேதார் ஆனது.

கட்டுரையில் "56 ஏ.பி.ஓ. என்ற இடத்திலிருந்து" என்று ஒரு வரி வருகிறது. அது இடமே இல்லை. டெல்லியிலுள்ள படைத் தபால் மையத்தின் வழியே பிரித்து அனுப்பப்படும் பொது முகவரி. லடாக்கில் இருந்தவரும் பஞ்சாபில் இருந்தவரும் அதையே எழுதினார்கள். 99 ஏ.பி.ஓ. கல்கத்தா வழி, கிழக்குப் பக்கம் என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வட்ட முத்திரையில் எஃப்.பி.ஓ. என்று போட்டு ஓர் எண் இருக்கும். அது களத் தபால் நிலையத்தின் எண். படை நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும் என்பதால் ஊரைச் சொல்லாது. ஆனால் அண்ணன் கடிதத்திலும் தம்பி கடிதத்திலும் ஒரே வாரத்தில் ஒரே எண் இருந்தால், இருவரும் பக்கத்தில் எங்கோ இருந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு.

தேதிக்கு முதலில் பார்க்க வேண்டியது உறையின் பின்பக்கம். களமுத்திரை மங்கியிருந்தாலும், நம்மூர்த் தபாலாபீசில் குத்திய முத்திரை தெளிவாக இருக்கும். அதுவும் போய்விட்டால் சுற்றுவழிகள் உண்டு. இன்லேண்டு கடிதம் வந்தது 1950 அக்டோபரில். தபால்தலையில் 'நயா பைசா' இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில் அச்சானது. பின்கோடு எழுதியிருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. எழுதாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நம்மூரில் பலர் இன்றும் எழுதுவதில்லை. லீவில் வரும்போது அவர்கள் திருப்பிக் கொண்டுவந்த வீட்டுக் கடிதங்களையும் பாருங்கள். அவற்றில் அகதிகள் நிவாரணத்துக்கான 5 பைசா தலை ஒட்டியிருந்தால் 1971 நவம்பர் நடுவிலிருந்து 1973 மார்ச் வரையிலான காலம். வங்கதேசப் போர் அதற்குள்தான் வருகிறது.

இரண்டாம் உலகப் போர்க் கடிதங்களில் சிலர் தமிழ் வருடம் போட்டிருப்பார்கள். சித்திரபானு என்றால் 1942 ஏப்ரலிலிருந்து, சுபானு 1943, தாரண 1944. நம் எல்லைப் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல். தெலுங்குக் கணக்கிலும் வருடப் பெயர் இதுவேதான், ஆனால் யுகாதி நம் சித்திரை ஒன்றுக்குச் சில நாளோ சில வாரமோ முன்னால் வந்துவிடும். சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் படித்துவிட்டு, தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதியவரின் பங்குனிக் கடிதத்தில் அடுத்த வருடத்தின் பெயர் இருந்தால் அது பிழையல்ல.

இனிப் பாதுகாப்பு. லேமினேஷன் கூடாது. சூட்டில் உருகும் பசை தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க வழியில்லை. ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? பிரிக்க முயல வேண்டாம், இஸ்திரிப்பெட்டியைக் கிட்டே கொண்டுபோகவே வேண்டாம். அப்படியே இருட்டில் வையுங்கள். செல்லோ டேப் சில வருடங்களில் மஞ்சளாகி, எழுத்தையும் கூட்டிக்கொண்டு உரியும். திறந்தால் பிளாஸ்டிக் நெடியடிக்கும் பி.வி.சி. ஃபைலில் மை ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அமிலமில்லாத தாள் போதும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், துரு தாளை ஓட்டையாக்கும். பைண்டிங் கடைப் பக்கம் போக வேண்டாம். மைதாப் பசையைப் பூச்சி தேடி வரும். அதற்காக மயில்துத்தம் கலந்தால் அதிலுள்ள செம்பு தாளை அரிக்கும். எண் போடுவதென்றால் 2பி பென்சில், ஓரத்தில், மெதுவாக.

மடிப்பு விறைத்துப்போன இன்லேண்டை இழுத்துப் பிரித்தால் மடிப்பிலேயே இரண்டாகும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈரத்துணி, அதன் மேல் ஒரு சல்லடை, சல்லடை மேல் ஒற்றுத்தாள், அதன் மேல் கடிதம். தண்ணீர் கடிதத்தில் படக் கூடாது. சில மணி நேரத்தில் தாள் இளகும். பிரித்து, இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகத்தை ஒருநாள் ஏற்றி வையுங்கள். இதற்கு முன் ஈரப்பஞ்சு நுனியால் ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் தொட்டுப் பார்ப்பது கட்டாயம். 1940-களின் களக் கடிதங்களில் பல, ஈரம் பட்டால் ஊதாவாகக் கரையும் காப்பியிங் பென்சிலில் எழுதியவை. டப்பாவுக்குள் வைத்தால் திரும்பி வருவது ஊதாக் கறை. நீலக் கறுப்பு மையையும் நம்ப முடியாது.

தணிக்கை அதிகாரி கறுப்படித்த வரிகளைச் சுரண்டவோ ரசாயனம் தடவவோ வேண்டாம். பக்கவாட்டில் டார்ச் பிடித்துப் படமெடுத்தால் பேனா அழுத்திய தடம் சில சமயம் தெரியும்.

ட்ரங்குப் பெட்டிக்கு என்னென்ன நினைவுகள் இருந்தாலும், வேலூர் வெயிலில் அது அடுப்பு. மழைக்காலத்தில் உள்ளே வேர்க்கும். பரணும் அப்படியே. பீரோவின் நடுத்தட்டில், அட்டைப் பெட்டியில், படுக்கைவாட்டில் வையுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் போடலாம், தாள்களுக்கு நடுவில் தூவினால் கறைதான். வெள்ளிப்பூச்சி இருந்தால் கடிதக் கட்டை இரண்டு பாலித்தீன் பையில் காற்று வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்தபின் ஒரு முழுநாள் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் தாள்மேல் நீர் கோக்கும்.

கடிதமென்று தோன்றாததால் தூக்கிப் போடப்படுபவை மணியார்டர் கூப்பன்கள். சேதி எழுதும் சின்ன இடத்தில் "தங்கச்சி பீஸ் கட்டவும்" என்று ஒரே வரி இருக்கும். தொகையும் முத்திரைத் தேதியும் கூடவே இருக்கும். தந்திகளில் ஒட்டிய பட்டைகள் பசை காய்ந்து உதிரும், ஒவ்வொன்றையும் தனி உறையில் போடுங்கள்.

முதல் உலகப் போரில் பிரான்ஸிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் எழுதியதில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தணிக்கை அலுவலகம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எடுத்த பகுதிகளே. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மூலங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. கட்டுரையாளர் "தட்டச்சு செய்துவிட்டால் போதும்" என்றதை அதனால்தான் ஏற்க முடியவில்லை. படமெடுக்கும்போது உறையின் இரு பக்கமும், வெற்றுப் பக்கமும் சேர்த்து, கலரில், 600 டி.பி.ஐ. வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள், பிறகு எழுதியவர் என்று வரட்டும்.

கார்கில் காலத்துக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் ஒரு வார்த்தை. எழுதியவரோ அவர் தம்பியோ இன்னும் பணியில் இருந்தால் படை எண்ணும் பிரிவும் தெரியும் உறையை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
படைத்தபால் பணியில் ஓய்வுபெற்ற வாசகர்,
குடியாத்தம்.