மதுரையில் எந்தச் சபைக்குப் போவது?

அன்புள்ள தாமஸ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. புது வீடு அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஆராதனைக்கு நடந்தே வருகிறார்கள்.

நம் டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) ஆலயம் தூரம், பக்கத்தில் சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை) பாப்டிஸ்ட்டும் பெந்தெகொஸ்தேயும் இருக்கின்றன, எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறாய். எல்லாருக்கும் ஒரே வேதாகமம்தானே என்கிறார் உன் மச்சினர். சரிதான். ஆனால் பாப்பாவின் ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்டுப் போனால் வித்தியாசம் தெரிந்துவிடும். சி.எஸ்.ஐ.யில் நம்மைப் போலவே குழந்தைக்குக் கொடுத்து, வளர்ந்தபின் தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடச் செய்து திடப்படுத்துவார்கள். மற்ற இரண்டிலும் குழந்தையைப் பிரதிஷ்டை செய்து ஜெபிப்பதோடு சரி. தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே முழுக்கு ஞானஸ்நானம். நீ அங்கத்தினராக வேண்டுமென்றாலும் பெரும்பாலும் முழுக்கு எடுக்கச் சொல்வார்கள். அப்படியானால் தரங்கம்பாடியில் கைக்குழந்தையாக நீ பெற்றது ஞானஸ்நானமே இல்லை என்றாகிவிடும். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. நீயும் எலிசபெத்தும் உட்கார்ந்து பேசுங்கள்.

அப்புறம் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து. 1529ல் ஜெர்மனியின் மார்பர்க்கில் சபைச் சீர்திருத்தக்காரர்களான லுத்தரும் ஸ்விங்லியும் கூடிப் பேசியபோது 15 காரியங்களில் 14ல் ஒத்துப்போனார்கள். முட்டிக்கொண்டது இதில்தான். அப்பத்தைக் குறித்து இயேசு சொன்ன 'இது என் சரீரம்' என்பதை மேசைமேல் சாக்குக்கட்டியால் எழுதிவைத்து, அதைவிட்டு லுத்தர் அசையவில்லை. ஸ்விங்லிக்கு அது நினைவுகூருதல். சித்தப்பா வீட்டுக்குப் போனபோது ஒரு பாப்டிஸ்ட் சபையில் பார்த்தேன்: தட்டு வரிசை வரிசையாக வந்தது, உட்கார்ந்தபடியே சின்னக் கிண்ணத்தை எடுத்து எல்லாரும் ஒரே நேரத்தில் குடித்தார்கள். பயபக்திக்குக் குறைவில்லை. ஆனால் பீடத்தின்முன் முழங்கால்படியிட்டு, 'உனக்காகக் கொடுக்கப்பட்டது' என்று போதகர் ஒவ்வொருவரிடமும் சொல்லக் கேட்டே வளர்ந்தவன் நான். கர்த்தரே அங்கே தம்மைத் தருகிறார் என்று நம்புகிறேன். அது இல்லாமல் என்னால் இருக்க முடியாது.

பெந்தெகொஸ்தேக்காரர்கள் ஜெபத்தில் காட்டும் வைராக்கியம் பெரிது. அம்மா படுத்திருந்தபோது முதலில் வந்து ஜெபித்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்நியபாஷை (ஆவியின் ஏவலால் பேசும் அறியாத மொழி) பேசினால்தான் ஆவியின் அபிஷேகம் என்று அவர்களில் பல சபைகள் போதிப்பதை நான் ஏற்கவில்லை.

சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து உருவானது. நம் லுத்தரன் சபை சேரவில்லை. இப்படிப் பல சபைகள் சேர்ந்ததால் சி.எஸ்.ஐ.யில் ஊருக்கு ஊர் வாசனை மாறும். திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் வழி, உங்கள் மதுரையிலோ காங்கிரிகேஷனல்காரர்களான அமெரிக்கன் மிஷன் வழி. பேராயர் உண்டு என்றாலும் ஆராதனை முறை உனக்குக் கொஞ்சம் எளிமையாகப் படலாம். பாட்டையும் கூட்டத்தையும் பார்த்து முடிவெடுக்காதே. போதகரை வீட்டில் போய்ப் பார்த்து ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் பற்றி நேராகக் கேள்.

நானாயிருந்தால் சி.எஸ்.ஐ.க்குத்தான் போவேன். பண்டிகை நாட்களில் மட்டும் பஸ் ஏறி நம் ஆலயத்துக்குப் போ. பாப்பாவின் ஞானஸ்நானத் தேதி முடிவானதும் எழுது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஜேக்கப்