கெச்கெமேட் நகரப் பாடகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தோரே, இளையோரே, அனைவருக்கும் வணக்கம். விதிகளின்படி கடந்த ஆண்டின் நடவடிக்கைகளை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வழக்கமான நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வெளிநாட்டு இசை ஆசிரியர்களை வரவேற்ற பணிக்கு வருகிறேன். அதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 16 அன்று, நம் ஊரில் பிறந்த ஹங்கேரிய இசையமைப்பாளரும் இசைக் கல்வியாளருமான ஸோல்டான் கோடாயின் பிறந்தநாளுக்கு மலர்வளையம் வைத்தோம். மார்ச் 6 நினைவுநாளில் கூடிப் பாடினோம். ஈஸ்டர் கச்சேரி நல்லபடியாக நடந்தது. புகாட்ஸ் சமவெளிக்கு ஒருநாள் சுற்றுலா சென்றோம். மழை வந்ததால் முன்னதாகவே திரும்பினோம். செயற்குழு மாதந்தோறும் கூடியது. சில மாதங்களில் போதிய உறுப்பினர்கள் வராததால் தீர்மானம் எதுவும் எடுக்காமல் கலைந்தது.

இனி ஜூலை மாதக் கருத்தரங்கு. 1970 முதல் நம் நகரில் கோடைகாலத்தில் சர்வதேச கோடாய் கருத்தரங்கு நடந்து வருவது உங்களுக்குத் தெரியும். 1975இல் தொடங்கப்பட்ட கோடாய் நிறுவனம், இரட்டைக் கோவில் சந்தில் உள்ள பழைய பிரான்சிஸ்கன் மடத்தில் இன்றும் இயங்குகிறது. குழந்தைகளுக்கு எழுத்துப் போலவே இசையையும் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று அறிந்துகொள்ள, உலகின் பல மூலைகளிலிருந்து ஆசிரியர்கள் அந்த மடத்துக்கு வருகிறார்கள். பாடம் நடத்துவது நிறுவனத்தின் வேலை. அவர்கள் இந்த ஊரில் காலடி வைக்கும்போது ஊர் அவர்களை எப்படி எதிர்கொள்கிறது என்பது நம் வேலை. சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

வரவேற்பை எங்கே வைப்பது என்பதில்தான் முதல் கருத்து வேறுபாடு. செயற்குழுவில் பெரும்பாலோர் நகர மன்றச் சதுக்கத்தை விரும்பினார்கள். லெக்னரும் பார்டோஷும் வடிவமைத்த அந்தக் கட்டடம் அழகானது. அதன் மணிகள் கோடாயின் மெட்டுகளை ஒலிக்கின்றன. படம் எடுக்க வசதியான இடம். இவை எல்லாம் உண்மை. ஆனால் மணிகள் தாமாகவே ஒலிக்கும். அங்கே நாம் பாட வேண்டிய அவசியம் இல்லை. நான் ரயில் நிலையத்தைச் சொன்னேன். 1882இல் கோடாய் பிறந்தது ரயில் நிலையக் கட்டடத்தில். அவருடைய தந்தை அப்போது இங்கே ரயில்வே அதிகாரி. புடாபெஸ்ட் மேற்கு நிலையத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கும் ஓர் ஆசிரியர், தான் தேடி வந்த மனிதர் பிறந்த இடத்திலேயே முதல் பாட்டைக் கேட்க வேண்டும் என்று வாதாடினேன். இறுதியில் செயற்குழு ஒப்புக்கொண்டது. அதற்காகத் தலைவருக்கு நன்றி.

என்ன பாடுவது என்பதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. நாட்டுப்புற மெட்டு ஒன்றை எடுத்து 1938இல் கோடாய் சேர்ந்திசையாக அமைத்த ‘மாலைப் பாட்டு’. காட்டோரத்தில் பொழுது சாய்ந்துவிட்ட வழிப்போக்கன் ஒருவன், அலைந்து களைத்துவிட்டேன், தங்க ஓர் இடம் கொடு என்று இறைவனிடம் கேட்கும் பாட்டு அது. நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறவர்களிடம் பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு நம் மொழியில் எனக்குத் தெரியாது. ஆனால் அது எளிய பாட்டு அல்ல. மெதுவாகப் போகிற பாட்டில் சுருதி இறங்கிவிடும். கீழ்க்குரல்கள் தாங்கிப் பிடிக்காவிட்டால் மேற்குரல்கள் அந்தரத்தில் நிற்கும். ஆகவேதான் ஏப்ரல் முதலே செவ்வாய்க்கிழமை ஒத்திகைகளை அறிவித்தேன்.

ஒத்திகைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மேற்குரலான சோப்ரானோ, அதற்குக் கீழான ஆல்டோ பகுதிகளைச் சேர்ந்த பெண்கள் வேலை முடிந்து, சிலர் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, தவறாமல் வந்தார்கள். ஆண்களின் வரிசைகள் பெரும்பாலும் காலியாகவே இருந்தன. தோட்ட வேலை, பழ அறுவடை, கால்பந்து, பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. எதையும் நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் வரவேற்பு நாளன்று நடைமேடையில் ஆண்களின் கீழ்க்குரலான பாஸ் குரலுக்கு இரண்டே பேர் நின்றார்கள் என்பதைப் பதிவு செய்வது என் கடமை. அந்த இருவரில் ஒருவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வெயிலில், தொப்பியைக் கையில் பிடித்தபடி, கடைசி ரயில் வரும்வரை அவர் அசையாமல் நின்று பாடினார். அவருக்கு இந்தச் சங்கம் கடன்பட்டிருக்கிறது.

எவ்வளவு குறைவான பேர் பாடினாலும், அன்று நடந்தது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. முதல் ரயிலில் இறங்கியவர்கள் முதலில் திகைத்து நின்றார்கள். இரண்டாம் முறை பாடியபோது, மொழி தெரியாத ஓர் ஆசிரியை நம் ஆல்டோ வரிசைக்கு வந்து, ஸ்வரப் பெயர்களிலேயே எங்களோடு சேர்ந்து பாடினார். மூன்றாம் முறை பாடும்போது நிலைய ஊழியர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இசை எல்லோருக்கும் உரியதாக ஆகட்டும் என்று கோடாய் சொன்னதைச் சுவரொட்டிகளில் அச்சடித்துக்கொண்டே இருக்கிறோம். அந்த நடைமேடையில் அது கண்ணெதிரே நடந்தது.

தொழில்முறைக் குழுக்கள் இருக்கும்போது நாம் எதற்கு, இசை அறிந்தவர்கள் முன்னே பிசகாகப் பாடி ஊரின் பெயரைக் கெடுக்கவா என்று ஒரு மூத்த உறுப்பினர் என்னிடம் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். ஓபரா இயக்குநர் யார் என்பதைவிட, கிஷ்வார்டா போன்ற சிற்றூரில் பாட்டு ஆசிரியர் யார் என்பது முக்கியம் என்று சொன்னவர் கோடாய். 1950இல் இந்த நகரில் மார்த்தா நெமெஷ்செகி இசைக்கு முதலிடம் தரும் தொடக்கப்பள்ளியைத் தொடங்கியது மேதைகளை உருவாக்க அல்ல. சாதாரணப் பிள்ளைகள் தினமும் பாட வேண்டும் என்பதற்காக. அப்படிப் படித்த தலைமுறைகள் பெரியவர்களான பிறகும் பாடுகிறார்களா என்பதைத்தான் விருந்தினர்கள் பார்க்க விரும்புகிறார்கள். நல்ல கச்சேரியை அவர்கள் எந்த நகரத்திலும் கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விருந்தினர்களிடம் நம்மில் சிலர், எல்லாம் இங்கேதான் பிறந்தது என்ற தொனியில் பேசுகிறார்கள். முதல் ஸ்வரமான ‘தோ’ எந்தச் சுருதியிலும் அமையலாம் என்ற முறையையும், ஸ்வரங்களைக் காட்டும் கைச்சைகைகளையும் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பினார். தா, தி-தி என்ற தாள அசைகள் பிரான்சிலிருந்து வந்தவை. அவற்றை நம் நாட்டுப்புறப் பாடல்களோடு இணைத்து, பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற முறையாக்கியவர்கள் கோடாயும் யெனோ ஆடாம் போன்ற அவருடைய மாணவர்களும். அந்த உழைப்பே போதிய பெருமை. வாங்கியதை வாங்கியது என்று சொல்லும் வீட்டார்தான் விருந்தினரிடம் மரியாதை பெறுவார்கள்.

வீட்டில் தங்கவைக்கும் திட்டம்தான் இந்த ஆண்டு சங்கம் செய்த மிகப் பெரிய வேலை என்று கருதுகிறேன். ஓட்டல் வாடகை கொடுக்க இயலாத இளம் ஆசிரியர்களுக்கு உறுப்பினர்களின் வீடுகளில் ஓர் அறை, காலை உணவு. இவ்வளவுதான் திட்டம். பெயர் கொடுத்த சில குடும்பங்கள் கடைசி வாரத்தில் பின்வாங்கின. கூடுகைக்கு அரங்கம் தருவதாகச் சொன்ன ஓர் அமைப்பும் அதே வாரத்தில் மறுத்துவிட்டது. மீதிக் குடும்பங்கள் இரண்டு, மூன்று பேரைச் சேர்த்து ஏற்றுக்கொண்டன.

அப்படி ஏற்றுக்கொண்ட ஒரு வீட்டில் நடந்ததை நீங்கள் அறிய வேண்டும். ஜூலை மாதம், ஆப்ரிகாட் பழுத்து உதிரும் நேரம். வீட்டுப் பாட்டியார் பின்முற்றத்தில் ஜாமுக்காகப் பழத்தைப் பிளந்து கொட்டை எடுத்துக்கொண்டே, தன் தாயாரிடம் கேட்ட ஒரு பாட்டை முணுமுணுத்திருக்கிறார். விருந்தினராக வந்த ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து பழம் பிளந்துகொண்டே கேட்டு, கைச்சைகையில் ஸ்வரங்களைக் காட்டித் திரும்பப் பாடியிருக்கிறார். பாட்டியார் தலையசைத்து, ஓர் இடத்தில் நிறுத்தி, அங்கே வளைவு வேறு என்று திருத்தியிருக்கிறார். மாலைக்குள் பேரன் இரண்டாம் குரல் சேர்த்துவிட்டான். 1905இல் கோடாய் கிராமம் கிராமமாகச் சென்று பாடல் சேகரிக்கத் தொடங்கியதும் இப்படிப்பட்ட முற்றங்களில்தான். அந்த ஆசிரியை விடைபெறும்போது, வகுப்பில் படித்தது எதற்காக என்று இந்த வீட்டில் புரிந்தது என்று சொன்னார். இதற்குப் பிறகும் இந்தத் திட்டம் தேவையா என்று கேட்பவர்களிடம் நான் வேறு என்ன சொல்வது?

நகர்வலமும் நடத்தினோம். 1923இல் கோடாய் இசையமைத்த ‘சால்மஸ் ஹங்காரிகஸ்’ படைப்பின் வரிகள், 16ஆம் நூற்றாண்டில் கெச்கெமேட்டைச் சேர்ந்த மிஹாய் வேக் எழுதியவை என்பதை அறிந்து பலர் வியந்தார்கள். உள்ளூர் இளைஞர்களில் பலருக்கே அது தெரியாதிருந்தது எனக்கு வருத்தம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைத்திருக்கிறார். பார்க்க விரும்புவோர் அவரிடம் கேட்கலாம். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகவே இருக்கின்றன. சிறிய பற்றாக்குறை அடுத்த கச்சேரி வசூலில் சரியாகிவிடும். பாட்டுத் தாள்களை அச்சடிக்க ஆன செலவு அதிகம் என்று ஒரு முணுமுணுப்பு உண்டு. ஹங்கேரிய மொழி தெரியாதவரும் உச்சரிக்கும்படி, ஸ்வர எழுத்துகளோடு அச்சடித்த தாள்கள் அவை. விருந்தினர்கள் அவற்றைத் தங்கள் வகுப்புகளுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்கள். அந்தச் செலவை நான் மீண்டும் செய்வேன்.

பற்றாக்குறைக்கு உண்மையான காரணம் சந்தா. உறுப்பினர்களில் கணிசமானோர் இந்த ஆண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலர் சென்ற ஆண்டுக்கும் பாக்கி. ஒரு மாதச் சந்தா ஒரு காபியும் கேக்கும் சாப்பிடும் அளவுகூட இல்லை. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. ஆனால் நிறைவு நிகழ்ச்சியின் இலவச அனுமதிச் சீட்டுகளைக் கேட்டு வந்தவர்களில் பலர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் மூத்தோர் முதல் மாதத்திலேயே முழுத் தொகையையும் கட்டியிருக்கிறார்கள்.

நன்றி கூற வேண்டியவர்கள் பலர். அறை கொடுத்த குடும்பங்கள், பொகாச்சா என்ற உப்பு ரொட்டிகளைச் சுட்டுக் கொடுத்த பெண்கள், நடைமேடையில் இடம் கொடுத்த நிலைய ஊழியர்கள், மொழிபெயர்த்து உதவிய மாணவர்கள், நாற்காலிகளைச் சுமந்த இளைஞர்கள், தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன். கருத்தரங்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்பதால், அடுத்த கோடையில் விருந்தினர் வரவு இருக்காது. அதனால் ஓய்வெடுக்கலாம் என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். நான் நேர்மாறாக நினைக்கிறேன். பாஸ் வரிசையை நிரப்பவும், அறை தரும் வீடுகளை நிதானமாகச் சேர்க்கவும், நம் முதியோருக்குத் தெரிந்த பாட்டுகளை இளையோர் எழுதி வைக்கவும் கிடைத்திருக்கும் ஆண்டு இது. இரண்டு பாஸ் குரல்களை வைத்து இன்னொரு வரவேற்பை நடத்தும் பொறுப்பை மட்டும் நான் ஏற்க மாட்டேன். செயலாளர் பொறுப்புக்கு வேறு எவரேனும் முன்வந்தால் இந்தக் கூட்டத்திலேயே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால் தொடர்கிறேன், ஆனால் உங்களோடு சேர்ந்து.

ஒத்திகைகள் வழக்கம்போல் செவ்வாய் மாலைகளில் நடக்கும். வாசலுக்கு அருகில் உள்ள மேசையில் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன்: ஒன்று ஒத்திகைக்கு வருவோருக்கு, மற்றொன்று வீட்டில் அறை தருவோருக்கு. பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அங்கேயே அமர்ந்திருக்கிறார். காபி குடிக்கப் போகும் முன் அந்த மேசைக்கு வந்துவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்